அலுமினியத்தில் டிக் வெல்டிங்: கையைக் குறை சொல்வதற்கு முன்

உருகாத டங்ஸ்டன் முனைக்கும் தகட்டுக்கும் இடையே மூளும் மின்வில்லால் உலோகத்தை உருக்கி, ஆர்கான் போன்ற வாயுவின் போர்வையில் இணைப்பதுதான் டிக் வெல்டிங். அதில் இரும்பில் ஓரளவு கை பழகிய பிறகு அலுமினியத்தைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அனுபவத்தைச் சொல்கிறார்கள். தகடு எவ்வளவு நேரம் சூடுபட்டாலும் அசையாமல் கிடக்கிறது. பொறுமை இழந்து மின்னோட்டத்தைக் கூட்டிய மறுகணம் அந்த இடமே ஓட்டையாகிக் கீழே விழுந்துவிடுகிறது. உடனே, கை இன்னும் பதப்படவில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்துவிடுகிறார்கள். கைப்பழக்கம் தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பொழுதுபோக்காகக் கற்பவர்களின் தவறுகளில் பெரும்பங்கு மின்வில் மூளுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்பதுதான் என் கணிப்பு. ஆகவே முதலில் பரப்பு, பிறகு எந்திரம், வாயு, டங்ஸ்டன், கடைசியில்தான் கை என்ற வரிசையில் பிழையைத் தேடுவது நல்லது.

தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகுகிறது. காற்று பட்டவுடன் அதன் மேல் தானாக உருவாகும் ஆக்சைடு படலமோ உருகுவதற்கு ஏறத்தாழ 2070 டிகிரி வெப்பத்தைக் கேட்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தாலும், உள்ளே உருகிவிட்ட உலோகத்தைப் பை போலப் பிடித்து வைத்திருக்க அப்படலத்தால் முடிகிறது. தகட்டின் மேல் சுருக்கம் விழுந்த மங்கலான தோல் தெரிகிறது, இரு விளிம்புகளும் உருகியும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன என்றால், அங்கே வெப்பம் போதாமல் இல்லை, தோல்தான் கிழியவில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஆம்பியரை ஏற்றுவதுதான் முதல் தவறு. போதாக்குறைக்கு, உருகுவதற்கு முன் இரும்பு சிவந்து எச்சரிப்பதுபோல அலுமினியம் நிறம் மாறி எச்சரிப்பதில்லை.

சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் அசிட்டோன் நனைத்த சுத்தமான துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும், அது முழுவதும் உலர்ந்த பிறகே எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் ஆக்சைடைத் தேய்க்க வேண்டும். வரிசையை மாற்றிப் பிரஷ்ஷை முதலில் எடுத்தால், எண்ணெயை மென்மையான உலோகத்துக்குள் தேய்த்துப் புதைத்துவிடுகிறோம். அந்த பிரஷ் அலுமினியத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும். இரும்பைத் தேய்த்த பிரஷ்ஷைக் கொண்டுவந்தால் இரும்புத் துகள்களும் கூடவே வரும். அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம், ஒரே திசையில் இலேசான கையால் இழுத்தால் போதும். தகட்டைப் பளபளப்பாக்கிவிட்டு, இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ஃபில்லர் கம்பியை அப்படியே எடுத்து உள்ளே விடுகிறவர்கள் ஏராளம். கம்பிக்கும் ஆக்சைடு உண்டு, அதைப் பிடித்த கையுறையின் அழுக்கும் உண்டு. துணியால் ஒருமுறை துடைக்கும்போது துணியில் ஏறும் கறுப்பைப் பார்த்தால் நம்பிக்கை வந்துவிடும்.

இங்கே ஓர் உயிராபத்தான தவறையும் சொல்லியாக வேண்டும். பிரேக் கிளீனர் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்களால் துடைத்த உலோகத்தை வெல்டு செய்யவே கூடாது. மின்வில்லின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அவற்றின் ஆவியைப் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாற்றக்கூடும். அசிட்டோனுக்கு அந்தக் குணம் இல்லை. ஆனால் அது எளிதில் தீப்பற்றும் என்பதால், டப்பாவை மூடித் தொலைவில் வைத்த பிறகே டார்ச்சை, அதாவது டங்ஸ்டனைப் பிடித்திருக்கும் கைப்பிடியை, தொட வேண்டும்.

அசுத்தத்தின் தண்டனை பெரும்பாலும் நுண்துளைகளாகவே வெளிப்படும். ஈரம், எண்ணெய், வியர்வை ஆகியவற்றிலிருந்து பிரியும் ஹைட்ரஜனை உருகிய அலுமினியம் தாராளமாகக் கரைத்துக்கொள்கிறது. உறையும் தறுவாயில் அதன் கொள்திறன் ஏறத்தாழ 20இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால், தப்பிக்க நேரம் கிடைக்காத வாயு உள்ளேயே குமிழிகளாகச் சிக்கிக்கொள்கிறது. குளிர்ந்த இடத்திலிருந்து கொண்டுவந்த தகட்டின் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத ஈரமே இதற்குப் போதும். தகடு அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்தது எந்திரம். டிக் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, டிசி (ஒரே திசை மின்னோட்டம்) மட்டும் தரும் விலை குறைந்த இன்வெர்ட்டர் வெல்டிங் எந்திரத்தை வாங்கிவிட்டு அலுமினியத்தோடு போராடுவது மிகப் பரவலான ஏமாற்றம். அலுமினியத்துக்கு ஏசி, அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம், வேண்டும். டங்ஸ்டன் எதிர்முனையாக இருக்கும் அரைச்சுற்றில் வெப்பம் தகட்டுக்குள் இறங்குகிறது. அது நேர்முனையாக மாறும் அரைச்சுற்றில் ஆக்சைடு உடைத்து அகற்றப்படுகிறது. இந்த இரண்டும் மாறி மாறி நடந்தால்தான் வேலை நகரும். 1940களின் தொடக்கத்தில் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரசல் மெரிடித் டிக் முறையை உருவாக்கியது மக்னீசியத்தை இணைப்பதற்காகத்தான். ஆக, ஆக்சைடு தோல் போர்த்த இலேசான உலோகங்களின் தொல்லை இந்தத் தொழில்நுட்பத்தோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம். ஹீலியமும் டிசியும் கொண்டு அலுமினியத்தை இணைக்கும் வழியும் இருக்கிறது, ஆனால் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

புதிய எந்திரங்களில், அந்த இரு அரைச்சுற்றுகளின் பங்கை மாற்றும் பேலன்ஸ் என்றொரு திருகு இருக்கும். ஆக்சைடை நீக்கும் பங்கை மிகவும் கூட்டினால் வெப்பம் டங்ஸ்டன் பக்கம் திரும்பி, அதன் முனை பெரிய உருண்டையாக வீங்கித் தள்ளாடும். மிகவும் குறைத்தால் குட்டையின் (உருகிய உலோகத் தேக்கத்தின்) மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் கரும்புள்ளிகள் மிதக்கும். எதிர்முனைப் பங்கு 65 முதல் 75 சதவீதம் வரை இருப்பது தொடக்கத்துக்குப் பொருத்தமானது. ஆனால் சில எந்திரங்கள் எதிர்முனைப் பங்கையும், வேறு சில எந்திரங்கள் சுத்திகரிப்புப் பங்கையும் காட்டுகின்றன. பிறர் சொன்ன 70 என்ற எண்ணைக் கேட்டு, எதிர்ப்பொருளில் அளவிடும் எந்திரத்தில் வைத்து டங்ஸ்டனை உருக்கிக்கொண்டவர்கள் உண்டு. எண்ணைத் திருகுவதற்கு முன் கையேட்டில் அதன் பொருளைப் படித்துவிட வேண்டும். அதிர்வெண் திருகு இருந்தால் 100 ஹெர்ட்ஸ் அளவில் விட்டுவிட்டு மறந்துவிடலாம்.

வாயுவில் நேரும் பெரும்பிழை, கம்பியையே மின்முனையாக ஊட்டும் மிக் எந்திரத்தில் இரும்புக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை இதற்கும் மாட்டிவிடுவது. சில நொடிகளிலேயே டங்ஸ்டன் எரிந்து கறுத்துவிடும். தூய ஆர்கான் மட்டுமே வேண்டும். அடுத்த பிழை, வெல்டு கறுக்கிறதே என்று ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போவது. டார்ச் முனையில் உள்ள சாதாரண அளவு பீங்கான் கப்புக்கு நிமிடத்துக்கு 7 முதல் 12 லிட்டர் வரை போதுமானது; அதற்கு மேல் வேகமாகப் பீய்ச்சினால் வாயு சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டம் சரியாக இருந்தும் வெல்டு கெட்டால், பக்கத்தில் ஓடும் மின்விசிறி, விரிசல் விட்ட கப், தளர்ந்த குழாய் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். முடித்தவுடன் டார்ச்சை வெடுக்கென்று தூக்குவதும் தவறே. 10 ஆம்பியருக்கு ஒரு நொடி என்ற கணக்கில் வாயு தொடர்ந்து வழிந்து, டங்ஸ்டனும் குட்டையும் ஆறும்வரை அவற்றைப் போர்த்தியிருக்க வேண்டும்.

டங்ஸ்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இன்வெர்ட்டர் எந்திரத்துக்கு நீல நிறக் குறியுள்ள லாந்தனம் கலந்த 2.4 மில்லிமீட்டர் டங்ஸ்டன் ஏறத்தாழ எல்லா வேலைக்கும் வரும். அதைக் குட்டையில் முக்கிவிட்டால், நிறுத்தித் தீட்டிவிட்டுத்தான் தொடர வேண்டும். இன்னும் ஒரு அங்குலம்தானே என்று ஓட்டினால் வில் அலைபாய்ந்து கரி படிந்து, நன்றாக வந்த பகுதியும் வீணாகும். எல்லோருமே முக்குவார்கள், நிறுத்துவதற்கு மனம் வராததுதான் சிக்கல். தீட்டிய ஐந்தாறு டங்ஸ்டன்களைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்திருந்தால் அந்தச் சோம்பல் பாதி குறைந்துவிடும்.

இனி கைக்கு வரலாம். இங்கே பயமே பல தவறுகளுக்குத் தாய். அலுமினியம் சாதாரண இரும்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது; ஓட்டை விழுந்துவிடும் என்று அஞ்சிக் குறைந்த ஆம்பியரில் தொடங்குகிறவர், குட்டை பிறப்பதற்குள் தகடு முழுவதையும் சூடாக்கிவிடுகிறார், பிறகு எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்து விழுகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 ஆம்பியர் அளவில் துணிந்து தொடங்க வேண்டும். சில நொடிகளில் கண்ணாடிபோல் மின்னும் குட்டை தோன்ற வேண்டும். முன்னேறிச் செல்லச் செல்லத் தகட்டில் வெப்பம் தேங்குவதால், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கால் பெடலைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் ஒல்லியாகவும் முடிவில் அகன்று தொய்ந்தும் கிடக்கும் வெல்டு கோடு, பெடலை ஒரே நிலையில் மிதித்திருந்ததற்கான கையெழுத்து. காசு மிச்சம் என்று மெல்லிய தகட்டில் பழகத் தொடங்குவதும் இதனால்தான் பொருந்தாது; 3 மில்லிமீட்டர் தகடு தவறுகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ஒரு மில்லிமீட்டர் தகடு பொறுக்காது.

ஃபில்லர் கம்பியின் முனை குட்டையைத் தொடுவதற்கு முன்பே உருண்டு சொட்டுகிறதா? டார்ச்சை அதிகமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள், வெப்பம் முன்னால் பாய்ந்து கம்பியை வறுக்கிறது. செங்குத்திலிருந்து 10 அல்லது 15 டிகிரிக்கு மேல் சாய்க்காமல், கம்பியைத் தகட்டை ஒட்டித் தாழ்வாக நீட்டி, குட்டையின் முன் விளிம்பில் தொட்டு எடுக்க வேண்டும். கம்பியை உருக்க வேண்டியது குட்டையே, மின்வில் அல்ல. எடுக்கும்போதும் வாயுவின் நிழலை விட்டு வெளியே இழுத்துவிடக் கூடாது. வெளியே போன சூடான முனை உடனே ஆக்சைடு போர்த்திக்கொண்டு, அடுத்த தொடுகையில் அந்த அழுக்கைக் குட்டைக்குள் கொண்டுவரும். வில்லின் நீளமும் டங்ஸ்டனின் விட்டத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முக்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் டார்ச்சை உயர்த்தினால் வெப்பம் பரந்து சிதறி, குட்டை அகலமாகவும் ஆழமில்லாமலும் போகும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பழக முயல்வது இன்னொரு வகைத் தவறு. முதலில் கம்பியே இல்லாமல் தட்டையான தகட்டில் குட்டையை மட்டும் நேர்கோட்டில் நடத்திப் பழகலாம், பிறகு கம்பி சேர்க்கலாம், அதற்கும் பிறகே இணைப்புகளுக்குப் போகலாம். இரு தகடுகள் செங்குத்தாகச் சந்திக்கும் மூலையில், இரண்டும் உருகி ஒரே குட்டையாகச் சேரும்வரை கம்பியைக் காட்டக் கூடாது. அவசரப்பட்டால் கம்பி மேலே பாலம் போட்டுவிட்டு, மூலையின் அடி வெறுமையாகக் கிடக்கும். முடிக்கும் இடத்தில் மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் குழி விழுந்து, அதன் நடுவில் நட்சத்திர வடிவில் விரிசல் தோன்றும். மின்னோட்டத்தை மெதுவாக இறக்கிக்கொண்டே கடைசியாக ஒரு துளி கம்பி சேர்த்து அந்தக் குழியை நிரப்ப வேண்டும்.

உலோகம் எது என்று தெரியாமலேயே பழகுவது, பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். 6061 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவையைக் கம்பி சேர்க்காமல் இணைத்தால் ஆறும்போது விரிசல் விடும். அது உங்கள் கையின் குற்றமல்ல, கலவையின் குணம். 7075, 2024 போன்றவற்றைச் சாதாரண டிக் முறையில் நம்பகமாக இணைக்க முடியாது. எண்ணெயில் ஊறிய பழைய வார்ப்பு பாகங்கள் அனுபவசாலிகளையே சோதிப்பவை. கம்பியில், ஏறத்தாழ 5 சதவீதம் சிலிக்கான் கொண்ட 4043 வழவழப்பாக ஓடும், விரிசலை எதிர்க்கும், ஆனால் அனோடைஸ் செய்தால் (மின்வேதி முறையில் ஆக்சைடு பூச்சு ஏற்றினால்) அந்த இடம் மட்டும் கருஞ்சாம்பலாகத் தெரியும். ஏறத்தாழ 5 சதவீதம் மக்னீசியம் கொண்ட 5356 வலுவும் நிறப்பொருத்தமும் தரும், ஆனால் தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் சூடாகும் பாகங்களுக்கு ஆகாது. மேலும், வெப்பப் பதமேற்றி வலுவூட்டிய 6061-டி6 தகட்டில் வெல்டை ஒட்டிய பகுதி, எவ்வளவு அழகாக இணைத்தாலும், வெப்பத்தால் தன் வலுவில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இழந்துவிடக்கூடும். ஏணி, சைக்கிள் சட்டகம் என்று மனித எடையைத் தாங்கும் பொருள்களை முதல் ஆண்டிலேயே செய்யத் துணிவது இதனால்தான் தவறு.

உடலைப் பொறுத்தவரை, அலுமினியம் சுடுவதும் ஆறியிருப்பதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதைக் கை ஒருமுறை பட்டுத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. அதன் பளபளப்பு புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புவதால் கழுத்தும் முகவாயின் அடிப்பகுதியும் கருகும். சட்டைப் பொத்தானை மேல்வரை போட வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமில்லாதது, மூடிய சிற்றறையில் தேங்கி மூச்சை முட்டவைக்கும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த எந்திரத்தின் அருகில் வரக் கூடாது.

வெல்டின் மேற்பரப்பில் நாணயங்களை அடுக்கியதுபோன்ற அலைகள் வந்துவிட்டால் வேலை கைவந்துவிட்டது என்று நம்புவது, ஓரளவு பழகியவர்களின் தவறு. பழகிய துண்டை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்கிப் பார்க்க வேண்டும். இன்னொன்றைப் பட்டறைப் பிடியில் கவ்வி, முறியும்வரை சுத்தியால் வளைக்க வேண்டும். உள்ளே சிறு துளைகள் தெரிந்தால் சுத்தத்துக்கும் வாயுவுக்கும் திரும்ப வேண்டும், அடியில் இரு தகடுகளுக்கும் இடையே உருகாத கோடு தெரிந்தால் ஆம்பியருக்கும் வில்லின் நீளத்துக்கும் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதை அந்தத் துண்டின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்தால், அடுத்த துண்டை அறுக்கும்போது எது எதனால் வந்தது என்று ஒப்பிட முடியும்.