ஒரே ஃபிக்ஸ் ரெண்டு தடவை: கிட்டில் நான் பண்ணிய தப்பை நீங்களும் பண்ணாதீர்கள்

கிட் என்பது மென்பொருள் கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி. ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட், அதற்கு அது கொடுக்கும் நீள எண்தான் ஹேஷ். கமிட்கள் வரிசையாகச் சேரும் கிளைதான் பிராஞ்ச், வாடிக்கையாளருக்குப் போவது ரிலீஸ் பிராஞ்ச்.

போன வாரம் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "அண்ணே, இந்த ஃபிக்ஸ் ரிலீஸ் பிராஞ்சில் இல்ல, எடுத்துப் போட்டுரவா?" என்று கேட்டார். இல்லை என்று எப்படித் தெரியும் என்றேன். ஹேஷைத் தேடினேன், வரவில்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் இதே பதிலை நானும் ஒரு ஆடி மாதம் சொல்லியிருக்கிறேன். இதில் வழக்கமாக நடக்கும் தப்புகள் இவை.

ஹேஷ் இல்லை, அதனால் மாற்றமும் இல்லை என்று முடிவு கட்டுவது

கமிட் ஹேஷ் என்பது மாற்றத்தின் அடையாளம் இல்லை. ஃபைல்களின் மொத்த நிலை, முந்தைய கமிட், எழுதியவர், கமிட் பண்ணியவர், நேரம், மெசேஜ் எல்லாம் சேர்ந்துதான் அந்த 40 எழுத்து. செர்ரி-பிக் பண்ணினால், அதாவது ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறு பிராஞ்சில் போட்டால், முந்தைய கமிட்டும் நேரமும் மாறிவிடும், ஹேஷும் மாறிவிடும், உள்ளே இருக்கும் மாற்றம் அச்சு அசலாக அதேதான் என்றாலும்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்கு பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ஆடித் தள்ளுபடி 10 சதவீதம் சில பில்களில் கழியவில்லை. மெயின் என்ற முதன்மை பிராஞ்சில் சரி பண்ணினோம். ரிலீஸில் இருக்கிறதா என்று 'கிட் பிராஞ்ச் கன்டெய்ன்ஸ்' போட்டுப் பார்த்தேன், அதுவும் ஹேஷைத்தான் பார்க்கும், இல்லை என்றது, செர்ரி-பிக் பண்ணினேன். ஒரே இடத்தில் ரெண்டு மாற்றம் மோதினால் வரும் கான்ஃப்ளிக்ட்கூட வரவில்லை. முந்தின நாள் ராத்திரியே கூட வேலை பார்த்த ஒருவர் அதே கணக்கை ரிலீஸில் கையால் ஒட்டியிருந்தார், அதுவும் வேறு ஃபங்ஷனில். அதே வரிகள் அதே இடத்தில் இருந்திருந்தால், செர்ரி-பிக் காலியாக இருக்கிறது என்று கிட்டே சொல்லி நிறுத்தியிருக்கும். இடம் மாறியதால் வாயைத் திறக்கவில்லை.

1,000 ரூபாய் சேலை, அயிட்டத்தில் ஒருமுறை கழிந்து 900, மொத்தத்தில் இன்னொருமுறை கழிந்து 810. பில்லும் கல்லாவும் ஒத்துப்போனதால் ரெண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் கல்லாவில் இருந்த அக்காதான் மனக்கணக்கில் பிடித்தார். முதலாளி போனில் திட்டவில்லை, "தம்பி, கடைய நீங்களே நடத்துங்க" என்றார். இன்னும் அது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, எப்படித் தேட வேண்டும்? முதலில் 'கிட் செர்ரி ரிலீஸ் மெயின்', இதே வரிசையில். இது ஒவ்வொரு கமிட்டின் டிஃப்பையும், அதாவது மாறிய வரிகளின் பட்டியலையும், வைத்து ஒப்பிடுகிறது. மைனஸ் குறி என்றால் அதே மாற்றம் ரிலீஸில் ஏற்கெனவே இருக்கிறது, பிளஸ் என்றால் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பது இல்லை என்பதல்ல. வரி எண்ணும் இடைவெளியும் மாறினால் பரவாயில்லை, ஆனால் மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளில் ஒன்று வேறாக இருந்தாலோ, கான்ஃப்ளிக்டைக் கையால் தீர்த்திருந்தாலோ பிளஸ்தான் வரும். என் கதையிலும் பிளஸ்தான் வந்திருக்கும். அதனால் பிளஸ் வந்ததும் 'கிட் லாக்'கில் பெரிய எஸ் ஆப்ஷனோடு அந்த ஃபிக்ஸில் வரும் ஒரு வேரியபிள் பெயரைக் கொடுத்து ரிலீஸில் தேடுங்கள். அந்தச் சொல்லின் எண்ணிக்கையைக் கூட்டிய, குறைத்த கமிட்கள் எல்லாம் வந்து நிற்கும். ஒரு நிமிட வேலை.

மெசேஜை வைத்துத் தேடுவது

எங்கள் ரெப்போவில், அதாவது கோடும் அதன் கமிட்களும் இருக்கும் இடத்தில், 'பில் ஃபிக்ஸ்' என்றே 14 கமிட் இருக்கிறது.

ஸ்குவாஷ் பண்ணிய பிராஞ்சில் கிட் செர்ரியை நம்புவது

ஐந்து கமிட்டை ஒன்றாக்கி (அதுதான் ஸ்குவாஷ்) ரிலீஸில் மெர்ஜ் பண்ணினால், அதாவது சேர்த்தால், அந்த ஒன்றின் டிஃப், ஐந்தில் எதோடும் பொருந்தாது. எல்லாம் பிளஸ் வரும். பயந்துபோய் மறுபடி எடுத்துப் போடாதீர்கள்.

செர்ரி-பிக்கில் சின்ன எக்ஸ் ஆப்ஷன் போடாமல் விடுவது

போடுங்கள். பழைய ஹேஷ் மெசேஜின் கடைசியில் வந்து உட்காரும், அப்புறம் ஹேஷைத் தேடினாலே சிக்கும். கையால் ஒட்டுகிறவர்களுக்கு இது உதவாது. எங்கள் ஆபீஸில் அவர்கள் பழைய ஹேஷை மெசேஜில் எழுதாவிட்டால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுகிறோம். போன வாரத் தம்பிக்கும் பெரிய எஸ் போட்டதில் அந்த ஃபிக்ஸ் ரிலீஸிலேயே கிடைத்தது, நான்கு நாளுக்கு முன்னால் ஒட்டியது. ஒட்டியவர் நான்தான்.