கழற்றிய ரான்சிஸ்டரின் இலக்கத்தை வாசிப்பது எப்படி?

பழைய றேடியோவைத் திறந்து, எரிந்துபோன ரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டீர்கள். சரி, கடையில் என்னவென்று கேட்பது? அதன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. மங்கியிருந்தால் துடைத்துவிட்டு ரோச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பாருங்கள்.

முதலில் இலக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் நிற்பதைப் பாருங்கள். 1என் (1N) என்றால் டயோட் (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் போகவிடுவது), 2என் என்றால் பெரும்பாலும் ரான்சிஸ்டர். இது அமெரிக்க முறை. பின்னால் வரும் 2222, 3904 எல்லாம் பதிவு வரிசைதான், அதற்குள் வோல்ற்றைத் தேட வேண்டாம். 1என்4001 முதல் 1என்4007 வரை எல்லாமே 1 அம்பியர் டயோட்டுகள், ஆனால் 4001 தாங்குவது 50 வோல்ற், 4007 தாங்குவது 1000. தொண்ணூறுகளில் கரண்டும் பற்றரியும் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் எங்கள் யாழ்ப்பாணம். டைனமோ தரும் ஏசியை டிசி ஆக்க டயோட் வேண்டுமென்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயம்.

அடுத்தது ஜப்பான் முறை. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் 2எஸ்சி1815 என்பதில் 2எஸ்-ஐ விட்டுவிட்டு வெறும் சி1815 என்றுதான் அச்சடித்திருப்பார்கள். எஸ்-க்கு அடுத்த எழுத்து ஏ, பி என்றால் பிஎன்பி; சி, டி என்றால் என்பிஎன் (இவை கரண்ட் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு வகை ரான்சிஸ்டர்கள்); ஜே, கே என்றால் ஃபெட் (வோல்ற்றால் கட்டுப்படும் வகை).

ஐரோப்பிய முறையில் இரண்டு எழுத்துக்கும் பொருள் உண்டு. பிசி547-இல் பி என்பது சிலிக்கன் (ஏ வந்தால் ஜெர்மேனியம்), சி என்பது ஒலி அலைவரிசைக்கான சிறிய ரான்சிஸ்டர். இரண்டாவது எழுத்து டி என்றால் அதே வேலைக்கான பவர் ரான்சிஸ்டர். கடைசியில் வரும் ஏ, பி, சி கரண்டை எத்தனை மடங்கு பெருக்கும் என்பதன் அளவு: ஏ 110 முதல் 220, சி 420 முதல் 800.

இலக்கம் சொல்லாத ஒன்று, கால்களின் வரிசை, அதாவது கலெக்டர், பேஸ், எமிட்டர் என்ற மூன்று கால்களில் எது எங்கே என்பது. பிசி547 இல்லாமல் நான் ஒருமுறை சி1815-ஐப் போட்டேன், இரண்டும் சிறிய என்பிஎன்தானே என்ற நம்பிக்கையில். சத்தமே வரவில்லை. கடைக்கார அண்ணை கேட்ட முதல் கேள்வி, “தம்பி, காலைப் பாத்தனீரோ?” தட்டையான முகம் நம்மைப் பார்க்க, இடமிருந்து வலமாக பிசி547-க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர், சி1815-க்கு எமிட்டர், கலெக்டர், பேஸ்.

ஆகவே இலக்கத்தை வாசித்ததும் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) கால் வரிசையையும் தாங்கும் வோல்ற்றையும் பார்த்து ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் சோல்டர் பண்ணுங்கள்.