டெங்கு ரிப்போர்ட்டில் முதலில் எந்த வரியைப் பார்ப்பது?

நீலகிரி மாவட்டம் கூடலூரில் சிறிய லேப் நடத்துகிறேன். டெங்கு ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" ஒன்றரை லட்சத்துக்குக் கீழே என்றால் உடனே பப்பாளி இலை பறிக்கப் புறப்பட்டுவிடுகிறார்கள். என் கண் முதலில் போவது பி.சி.வி. என்ற வரிக்கு. சில லேப்களில் ஹெமடோக்ரிட் என்று அச்சிட்டிருப்பார்கள்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்பதே அந்த எண். டெங்கு முற்றும்போது நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசியும். நீர் குறைந்து ரத்தம் கெட்டியாவதால் எண் ஏறும். பிளேட்லெட் சரியச் சரிய இது ஏறிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும். அவரவர் பழைய அளவிலிருந்து 20 சதவீதம் கூடிவிட்டால் கசிவு என்றே கொள்ளலாம்.

எங்கள் பக்கத்துச் சிக்கல் இங்கேதான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் பலருக்கு ரத்தசோகை. பழங்குடிக் குடியிருப்புகளில், சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாளணு நோயும் உண்டு. 1952இலேயே நீலகிரியில் பதிவான நோய் அது. இவர்களுக்கு பி.சி.வி. முதலிலேயே குறைவாக இருக்கும். முதல் நாள் 30 இருந்த பெண்ணுக்கு நான்காம் நாள் 36 என்று வந்தால், ரிப்போர்ட்டில் ஓர் எச்சரிக்கைக் குறிகூட விழாது. பெண்களுக்கு 36 இயல்பான அளவாயிற்றே! ஆனால் ஏற்றம் சரியாக 20 சதவீதம். ஆகவே காய்ச்சல் கண்ட ஓரிரு நாளில் ஒரு சி.பி.சி. (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைப் பரிசோதனை) எடுத்து வையுங்கள். பழைய ரிப்போர்ட் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆள் தெம்பாக இருக்க, பிளேட்லெட் மட்டும் திடீரென 20 ஆயிரம் என்று வந்தால் பதறாதீர்கள். ரத்தம் சேகரிக்கும் ஊதா மூடிக் குழாயில் பிளேட்லெட்டுகள் சில சமயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி அவற்றைக் குறைத்து எண்ணிவிடும். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சின் விளிம்பில் கொத்துக் கொத்தாகத் தெரிந்துவிடும்.

கல்லீரல் நொதிகள் (ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.) ஆயிரத்தைத் தாண்டினால் அதுவே கடும் டெங்கு. மற்றப் பரிசோதனைகளை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் எடுத்தால் போதும்.

காய்ச்சல் விட்டதும் பரிசோதனையை நிறுத்திவிடுகிறார்கள். கசிவு பெரும்பாலும் தொடங்குவதே அப்போதுதான். அடுத்த 48 மணி நேரம் தினமும் சி.பி.சி. பாருங்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் என் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஊட்டி மருத்துவமனைக்குப் போவதென்றால் நடுவட்டம் வழியாக மலைப்பாதை. இருட்டும்வரை யோசிக்காமல் உடனே புறப்படுங்கள்.