பால் கேன் வழுவழுப்பைப் போக்குவது எப்படி?

கழுவிய பால் கேனுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழுக்குகிறதா? அது வெறும் ஈரம் இல்லை. பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசையைச் சுரந்து கட்டிய வீடு. பயோஃபிலிம் என்பார்கள். ஓடைக்கல்லில் கால் வழுக்குவதும் இதே சங்கதிதான்.

சமவெளியில் வெயிலில் கவிழ்த்தால் கேன் காய்ந்துவிடும். ஊட்டியில் ஆடிச் சாரலில் காய்வதாவது! அதனால் தேய்ப்பில்தான் கவனம் வேண்டும்.

படி 1: பாலை ஊற்றிய கையோடு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். ஆரம்பத்தில் நான் நேராகக் கொதிநீரை ஊற்றுவேன். பால் புரதம் வெந்து சுவரில் அப்பிக்கொள்ளும். கிருமிக்கு அது மெத்தை.

படி 2: 10 லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம் சலவைச் சோடா. கையுறை போட்டு, பிரஷ்ஷால் தேய்க்கவும். நடுப்பகுதியை எல்லோரும் தேய்ப்பார்கள்; அழுக்கு இருப்பது கழுத்து வளைவிலும் மூடியின் ரப்பரிலும்தான். ரப்பரைக் கழற்றியே ஆக வேண்டும். இதெல்லாம் எவர்சில்வர் கேனுக்கு மட்டும், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும்.

படி 3: நன்றாக அலசிய பிறகு, 10 லிட்டர் தண்ணீருக்கு 7 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இரண்டு நிமிடம் கேனில் வைத்து, மறுபடி அலசிக் கவிழ்க்கவும். பசை இருக்கும்போது ஊற்றினால் குளோரின் பசையோடே செலவாகிவிடும், உள்ளே கிருமி சுகமாக இருக்கும். வெள்ளைப் படிவுக்கு வினிகர் போடுவதானால் வேறொரு நாள் போடுங்கள். வினிகரும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் நச்சுப் புகை வரும்.

சரி, மாட்டுக்கு இதில் என்ன? மடிநோய் தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா மடிக்குள்ளும் இதே பசைவீட்டைக் கட்டும். அங்கே பிரஷ் போட முடியாது, ஊசி மருந்தும் லேசில் எட்டாது. குணமான மாதிரி தெரிந்து திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: மடி துடைக்கும் துணி மாட்டுக்கு ஒன்று. தினமும் கொதிக்க வையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கூடக் கொஞ்ச நேரம் அடுப்பில் இருக்கட்டும்.

படி 5: கறந்ததும் காம்புகளை அதற்கென விற்கும் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை மாடு படுக்காமலிருக்க, அப்போது தீவனம் போடுங்கள்.