குவாசாரின் கருந்துளையை எடைபோடும்போது சறுக்கும் இடங்கள்

குவாசார் என்பது, நடுவில் உள்ள பெருங்கருந்துளை வாயுவை விழுங்குவதால் பளிச்சென்று ஒளிரும் தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மையம். அந்தக் கருந்துளையின் நிறைக்கான சூத்திரம் ஒரே வரிதான். சுற்றிவரும் வாயுவின் வேகத்தை வர்க்கமாக்கி, அது சுற்றும் தூரத்தால் பெருக்கி, ஈர்ப்பு மாறிலியால் வகுக்க வேண்டும். வாயு எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்காக ஒரு காரணியும் சேரும். தூரத்தைக் குவாசாரின் ஒளிர்விலிருந்து கணிக்கிறோம். வாயு வேகமாகச் சுற்றச் சுற்ற அதன் நிறமாலைக் கோடு விரியும் என்பதால், வேகத்தை அந்தக் கோட்டின் அகலத்திலிருந்து எடுக்கிறோம். அகலத்தை இரண்டு மடங்காக அளந்துவிட்டால் நிறை நான்கு மடங்காகிவிடும். அதனால் தப்பு நடப்பது பெரும்பாலும் இந்த அகலத்தில்தான்.

முதல் இடம் கார்பனுக்கு. மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பன் 1549 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தின் அலகு) என்ற இடத்தில், புற ஊதாவில், பளிச்சென்று ஒரு கோடு தரும். சிவப்புப் பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் நீளும் அளவு) 2 உள்ள குவாசாரில் அது 4647-க்கு வந்துவிடுவதால், தரையில் உள்ள தொலைநோக்கிக்கே சிக்கும். ஆசை காட்டும் கோடு! ஆனால் அந்த வாயுவில் ஒரு பங்கு கருந்துளையைச் சுற்றாமல், அதைச் சுற்றியுள்ள வாயுத் தட்டிலிருந்து காற்றாக வெளியே வீசப்படுகிறது. கோடு நீலப் பக்கம் சாய்ந்து விரியும். அந்த விரிவையும் சுற்றும் வேகம் என்று கணக்கில் சேர்த்தால் நிறை ஊதிப் பெருத்துவிடும்.

சரி, சாய்வு இருக்கிறதா என்று பார்ப்போமே என்று கிளம்புபவர்களும் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கார்பன் கோட்டின் உச்சியை வைத்தே சிவப்புப் பெயர்ச்சியைக் கணித்துவிட்டு, ‘கோடு நகரவே இல்லை’ என்பார்கள். எப்படி நகரும்? சுழியத்தையே அங்கேதான் வைத்திருக்கிறார்கள். பெயர்ச்சியை வேறொரு கோட்டிலிருந்து எடுங்கள். 2798 ஆங்ஸ்ட்ராமில் உள்ள மக்னீசியம் கோடு கிடைத்தால் நல்லது. நிறைக்கும் நான் அதைத்தான் முதலில் நம்புவேன்.

மக்னீசியத்தின் தொல்லை இரும்பு. எண்ணற்ற இரும்புக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, கோட்டின் அடியில் மேடுபோலக் கிடக்கும். அதைப் பின்னணி ஒளி என்று நினைத்து நேர்கோடு போட்டால் அகலம் தவறிவிடும். இரும்புக் கோடுகளின் மாதிரி வடிவத்தையும் (வார்ப்புரு) சேர்த்தே பொருத்த வேண்டும்.

வழியில் உள்ள வாயு ஒளியை விழுங்குவதால் விழும் பள்ளங்களான உட்கவர் கோடுகள் இன்னொரு பக்கம் கடிக்கும். கார்பன் கோட்டின் நீலப் பக்கத்தில் சின்னப் பள்ளம் என்றால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டுப் பொருத்தலாம். பாதிக் கோட்டையே விழுங்கிய அகன்ற பள்ளம் என்றால், அந்தக் கோட்டை விட்டுவிடுவதே மேல்.

அருகிலுள்ள குவாசார்களில் கார்பன் கோடு, காற்றுமண்டலம் தடுக்கும் புற ஊதாவிலேயே நின்றுவிடுவதால், ஹபிள் போன்ற விண்தொலைநோக்கி வேண்டும். அந்த நிறமாலையில் 1216 ஆங்ஸ்ட்ராமில் கூர்மையாக நிற்பது பூமியைச் சூழ்ந்த ஹைட்ரஜனின் ஒளிர்வு. 1963-இல் மார்ட்டன் ஷ்மிட் 0.158 என்று சிவப்புப் பெயர்ச்சி கண்ட 3சி 273 என்ற குவாசாரை எடுத்துக்கொண்டால், அதன் சொந்த லைமன் ஆல்ஃபா (அதே ஹைட்ரஜன் கோடு) 1408 பக்கம் இருக்கும்.

அப்புறம், நம் பால்வழியின் தூசுக்கான திருத்தத்தை, பதிவான அலைநீளத்திலேயே முதலில் செய்துவிடுங்கள். சிவப்புப் பெயர்ச்சியை நீக்குவது அதற்குப் பிறகு. வரிசை மாறினால் தூசு வேறு அலைநீளத்தில் திருத்தப்பட்டு, ஒளிர்வும் அதோடு தூரமும் தவறும்.

கடைசியில் மென்பொருள் தரும் பிழை அளவு: 5 சதவீதம் என்று அழகாக வரும். அது கோட்டைப் பொருத்தியதன் பிழை மட்டுமே. ஒரே நிறமாலையை வைத்துச் சொல்லும் நிறை இரண்டு, மூன்று மடங்கு இப்படியோ அப்படியோ இருக்கலாம் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.