ஓடும்போது பாதம் எங்கே விழுகிறது? போன் வீடியோவில் பார்க்கும் முறை

என் மகள் 1500 மீட்டர் ஓடுகிறவள். சென்ற ஆண்டு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உட்பக்கத்தில் வலி வந்து ஆறு வாரம் ஓடாமல் இருந்தாள். காலை மிகவும் எட்டி வைக்கிறாளோ என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

போனை ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 பிரேமுக்கு (படத்துக்கு) மாற்றுங்கள். பாதம் தரையில் இருப்பது ஏறத்தாழ 0.2 விநாடிதான். 30 பிரேமில் அதற்கு 6 படம். 240-இல் 48 படம். இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்காலின் வெளிப்பக்கம், வெளிக் கணுக்கால் ஆகிய மூன்றிலும் அடையாளம் ஒட்டுங்கள். ஸ்டிக்கர் பொட்டு நெல்லை வியர்வைக்குத் தாங்காது. மஞ்சள் இன்சுலேஷன் டேப் நிற்கிறது.

அடுத்து, போனை வைக்கும் இடம். இதில்தான் இரண்டு மாதத்தை இழந்தோம். வளைவின் ஓரத்தில் நின்று சாய்வாக எடுத்தேன். பாதம் இடுப்புக்குக் கீழேயே விழுவதுபோலத் தெரிந்தது. நிம்மதியாக ஓட அனுப்பினேன். வலி திரும்பி வந்துவிட்டது. நேர் பக்கவாட்டிலிருந்து 45 பாகை விலகி நின்றால், ஓடும் திசையில் உள்ள 1 மீட்டர் சுமார் 70 சென்டிமீட்டராகச் சுருங்கித் தெரியும். நான் பார்த்தது அந்தச் சுருங்கிய காலைத்தான். ஆகவே ஓடும் கோட்டுக்குச் செங்குத்தாக, பத்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்கள் வளைந்துவிடும். முதலில் ஒரே அளவுள்ள இரண்டு கம்புகளை, ஒன்றைக் கோட்டின் மேல் கிடத்தி, மற்றதை அதே இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். கிடக்கும் கம்பு குட்டையாகத் தெரிந்தால் நீங்கள் சாய்வாக நிற்கிறீர்கள்.

வீடியோவை நிறுத்தி நிறுத்தி அளக்க, கணினியில் கினோவியா என்ற மென்பொருள் போதும், இலவசம். கோணத்தைத் தானே கணிக்கும் செயலிகளை நான் நம்புவதில்லை. தொளதொளவென்ற டிராயர் போட்டிருந்தால் இடுப்பைத் தவறாகக் குறிக்கின்றன. பாதம் தரையைத் தொடும் முதல் பிரேமில் நிறுத்துங்கள். கணுக்கால் டேப் முழங்கால் டேப்பை நன்றாகத் தாண்டியிருந்தால் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுகிறது என்று பொருள். மகளின் படத்தில் ஷூவின் நுனி வானத்தைப் பார்த்திருந்தது; கணுக்கால் டேப் ஒரு சாண் முன்னால். “அப்பா, இது என் கால்தானா?” என்று கேட்டாள். ஓர் அடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலுக்குப் பத்து அடியாவது பாருங்கள்.

“காலைக் குறுக்கி வை” என்று சொன்னால் உடம்பு விறைத்துவிடுகிறது. வேகத்தை மாற்றாமல், நிமிடத்துக்கு 164 அடி வைத்தவளை மெட்ரோனோம் (சீரான தாளத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிப்பது) ஒலிக்கு 172 வைக்கச் சொன்னேன். 5 சதவீதம்தான் கூட்டினோம். கால் தானாக உள்ளே வந்தது.

பிற்சேர்க்கை: மாலை விளக்கொளியில் எடுத்த வீடியோ மின்னி மின்னித் தெரிவதாக இருவர் எழுதியிருந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி எழும். 240 பிரேமில் அது தெரிந்துவிடும். காலை ஆறரைக்கு மேல் எடுங்கள்.

எலும்பில் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்று கேட்ட அம்பாசமுத்திரம் தம்பிக்கு: வீடியோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.