அமெரிக்காவிலிருந்து போன் வாங்கி வரச் சொல்லும் முன்: பெங்களூருவில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பெங்களூருவை ஒட்டிய தேவனஹள்ளியில், ஆப்பிளுக்குப் போன் தயாரித்துத் தரும் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2025 முதல் ஐபோன் 17 தயாராகிறது. அதே தேவனஹள்ளி விமான நிலையத்தில் தினமும் யாராவது ஒருவர் டாலர் கொடுத்து வாங்கிய ஐபோனோடு இறங்குகிறார். இதில் லாபம் இருக்கிறதா என்றால், சில மாடலுக்கு இருக்கிறது, பல மாடலுக்கு இல்லை. பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா, போலியா என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலேயே பார்த்துவிடுவார்கள். தெரியாமல் பணம் போகும் இடங்கள் வேறு.

டாலரை ரூபாயால் பெருக்கிவிட்டு அங்கேயே நிறுத்துவது

அமெரிக்கக் கடையில் எழுதியிருக்கும் விலையில் விற்பனை வரி சேராது. டெக்சாஸின் ஆஸ்டினில் வரி 8.25%, ஆரிகன் மாநிலத்தில் வரியே இல்லை. 256 ஜிபி ஐபோன் 17-இன் அறிமுக விலை 799 டாலர். ஆஸ்டினில் பில் போட்டால் 864.92 டாலர். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 77,843 ரூபாய். இந்திய கிரெடிட் கார்டில் தேய்த்தால் பல வங்கிகள் வெளிநாட்டுப் பணத்தை மாற்றித் தரும் கட்டணமாக 3.5% மார்க்அப்பும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் பிடிக்கும். மொத்தம் 81,058. இந்தியாவில் இதன் அறிமுக விலை 82,900. மிஞ்சுவது 1,842 ரூபாய். இங்குள்ள கடையில் ஒரு வங்கிச் சலுகை கிடைத்தால் அதுவும் போயிற்று.

புரோ மாடலில் கணக்கு மாறும். ஐபோன் 17 புரோவின் அறிமுக விலை 1,099 டாலர், அதே வரி, அதே கார்டு என்றால் சுமார் 1,11,500. இங்கே அறிமுக விலை 1,34,900. இருபத்து மூன்றாயிரம் வித்தியாசம். ஆனால் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் தொழிலுக்கு வாங்கும்போது பில்லில் தன் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொன்னால், 1,34,900-க்குள் இருக்கும் 20,578 ரூபாய் ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இறக்குமதியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கேரியர் லாக்கைக் கேட்காமல் வாங்குவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சல் தருகிற தவறு இதுதான். போன் பழுதில்லை, போலியில்லை, முழுக் காசும் கொடுத்தாயிற்று. ஆனாலும் பயன்படுத்த முடியாது.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். டெக்சாஸில் இருக்கும் அண்ணன் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் (கேரியர்) கடையில் தள்ளுபடியைப் பார்த்துத் தம்பிக்குப் போன் வாங்குகிறார். தம்பி பெங்களூரு ஹலசூர் வீட்டில் ஜியோ எண்ணைப் போட்டதும் திரையில் 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று வந்து நிற்கிறது. "அண்ணா, லாக் இருக்கா?" என்று கேட்டால், "அதெல்லாம் இல்லடா, மொத்தப் பணமும் கட்டித்தான் வாங்கினேன்" என்று பதில். அண்ணன் பொய் சொல்லவில்லை. பணம் கட்டி முடிப்பது வேறு, லாக் எடுப்பது வேறு என்பது அவருக்கே தெரியாது.

தொலைத்தொடர்பு நிறுவனம் விற்கும் போன் அந்த நிறுவனத்தின் சிம்மோடு மட்டும் வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கும். பூட்டைத் திறக்க அந்த நிறுவனம் ஒன்றால்தான் முடியும். தவணை முழுவதும் தீர வேண்டும். அதோடு போன் அவர்கள் நெட்வொர்க்கில் 40 நாள், 60 நாள் என்று ஓடியிருக்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. ப்ரீபெய்டு போனுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். போன் பெங்களூருவுக்கு வந்துவிட்டால் அந்த நாட்கள் ஓடவே ஓடாது. ஆறு மாதம் காத்திருந்தாலும் பயனில்லை, திரும்ப அங்கேதான் அனுப்ப வேண்டும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய சில்லறைக் கடைகளில் விற்கும் சில ஐபோன்கள் வாங்கும்போது திறந்துதான் இருக்கும். முதலில் எந்த நிறுவனத்தின் சிம் ஆக்டிவேட் ஆகிறதோ, அதனோடு பூட்டிக்கொள்ளும். 'வேலை செய்கிறதா பார்ப்போமே' என்று அண்ணன் தன் எண்ணை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தாலே போதும்.

மாட்டிக்கொண்டவர்கள் நேராக பெங்களூருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோடுக்குப் போகிறார்கள். சிம்முக்கு அடியில் ஒட்டும் மெல்லிய சிப் ஒன்று உண்டு. அது பூட்டைத் திறப்பதில்லை, ஏமாற்றுகிறது. ஐஓஎஸ் அப்டேட் வந்தால் நின்றுபோகும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் தட்டே கிடையாது, ஆகவே ஒட்டவும் இடமில்லை. 'சர்வர் அன்லாக்', அதாவது இங்கிருந்தே பூட்டைத் திறந்து தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மாடல் எண்ணில் 'எல்எல்/ஏ' இருந்தால் அமெரிக்கா, 'எச்என்/ஏ' இருந்தால் இந்தியா என்று தெரியும். ஆனால் பூட்டியதற்கும் பூட்டாததற்கும் அதே 'எல்எல்/ஏ'தான். போனை ஆன் செய்து வைஃபையில் ஆக்டிவேட் செய்து, செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய்க் கேரியர் லாக் என்ற வரியைப் பார்க்க வேண்டும். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருந்தால் மட்டும் விமானம் ஏற்றலாம். ஆகவே அண்ணனிடம் சொல்ல வேண்டியவை மூன்று: ஆப்பிள் கடையில் கேரியர் இல்லாமல் வாங்குங்கள், எந்தச் சிம்மும் போடாதீர்கள், அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். ஐபோன் 12 தொடங்கிப் பல தலைமுறைகளாகப் புரோ அல்லாத மாடலைக் கேரியர் இல்லாமல் வாங்க 30 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். அந்த 30 டாலரை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பலர் மாட்டினார்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் என்றால் இன்னும் ஒரு படி. தவணை கட்டாமல் விட்ட போனின் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) அங்கே கறுப்புப் பட்டியலில் சேர்ப்பார்கள். *#06# அழுத்தி எண்ணை எடுத்து, KYM என்று ஆங்கிலத்தில் எழுதி, இடம்விட்டு எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் இந்தியப் பதிவேட்டில் அதன் நிலை தெரியும்.

அம்மாவுக்குச் சிம் தட்டு இல்லாத போன்

"ஏம்ப்பா, இதுல சிம் போட ஓட்டையே இல்லையே?" என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. ஏர்டெல், ஜியோ, விஐ மூன்றும் இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) தருகின்றன. அதற்கு மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. புதுப் போனில் யுபிஐ செயலி வங்கிக் கணக்கை இணைக்க அந்த எண்ணிலிருந்து எஸ்எம்எஸ் போயாக வேண்டும். அன்றைக்கே மருந்துக் கடையில் ஸ்கேன் செய்யலாம் என்று நினைத்தால் நடக்காது. கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். திரை உடைந்தால் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் செருகும் வழியும் இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு இந்திய மாடலே சரி.

வெளிநாட்டு சாம்சங்

ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்டி (4ஜி வழியாகப் பேசும் வசதி) ஓடாத போனில் சாதாரண அழைப்பே வராது. சாம்சங்கில் வோல்ட்டி அமைப்பு எந்த நாட்டு மென்பொருள் என்பதைப் பொறுத்தது. குறிப்பாக வெளிநாட்டுக் கேரியர் மாடல்களில் டேட்டா ஓடினாலும் அழைப்பு போகாமல் இருக்கலாம். பெட்டியில் குறிப்பிட்ட பிராந்தியத்துக்கு மட்டும் என்று ஒட்டியிருந்தால், அந்தப் பிராந்தியச் சிம்மில் மொத்தம் 5 நிமிடம் பேசிய பிறகே வேறு நாட்டுச் சிம்மை ஏற்கும். பேசிவிட்டுக் கிளம்புங்கள்.

வாரன்டி

வாங்கிய நாட்டுக்கு மட்டும் என்று நிறுவனம் கட்டுப்படுத்தலாம். 'இன்டர்நேஷனல்' என்று கடைக்காரர் சொன்னால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சார்ஜர்

பிளக் வேறு. இங்கேயே வாங்குங்கள்.

சுங்கத்தில் இரண்டு பேர் வரம்பைக் கூட்டுவது

பதினெட்டு வயது நிறைந்த பயணி கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்குத் தனி விலக்கு உண்டு. போனுக்கு அது கிடையாது. புதுப் போன் பொது வரம்புக்குள்தான் வரும். 2016 பேக்கேஜ் விதிகளில் அந்த வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது; 2026 பிப்ரவரியில் வந்த புதிய விதிகளில் இந்தியாவில் வசிப்பவருக்கு 75,000 ரூபாய். புறப்படும் வாரத்தில் நடப்பு வரம்பையும் வரி வீதத்தையும் சுங்கத் துறை இணையதளத்தில் பாருங்கள். கணவர் வரம்பையும் மனைவி வரம்பையும் கூட்டி ஒரே புரோ போனுக்குக் காட்ட முடியாது. போனின் விலை உங்கள் ஒருவர் வரம்பைத் தாண்டினால் ரெட் சேனலில் (வரி கட்ட வேண்டிய பொருளோடு வருபவர்கள் போகும் வழி) போய், தாண்டிய தொகைக்கு வரி கட்ட வேண்டும். பில் இல்லாவிட்டால் மதிப்பை அதிகாரிதான் போடுவார். அந்தப் பில் வாங்கியவரின் மெயிலுக்குள் மட்டும் இருந்தால் கொண்டுவருபவருக்குக் காட்டுவதற்கு வழியில்லை. ஒரு பிரதியை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.